கியூர்பிப் பின்னறைக் கடல்

1961-இல், தீவின் மழை ஓயாத மேட்டூரான கியூர்பிப்பின் சிறிய அருங்காட்சியகத்தில், பின்னறைக்குள் கடல் இருந்தது. ஓவியர் எட்மோன் சுவர், கூரை, தரை எங்கும் நீலத் துணி விரித்து, மூலையில் விளக்கும் மின்விசிறியும் வைத்து, உள்ளே நடந்து பார்க்கும் ஓவியம் என்று பலகை மாட்டியிருந்தார். போனவர்கள் துணியைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், வெளியே வந்து மழைக்குக் குடை விரித்தார்கள். சுங்க இலாகா குமாஸ்தா துரைசாமியின் மனைவி ருக்மணி மட்டும் முழங்கால்வரை நனைந்து, புடவைக் கொசுவத்தில் மணலோடு வெளியே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை இடுப்புவரை நனைந்தாள். அதற்கடுத்த வாரம் கூந்தலே சொட்டியது. காய்ந்த புடவையில் வெள்ளை பூத்திருந்ததைத் துரைசாமி நக்கிப் பார்த்தார், உப்புதான். கல்யாணமான நாளாய் அவரிடம் அளந்து சிரித்தவள், இப்போது பருப்புக்குத் தாளிக்கும்போதுகூடத் தனியாகச் சிரித்தாள். அவரும் இரண்டு முறை அந்த அறைக்குள் போய்ப் பார்த்தார். துணி. வெறும் துணி. அப்படியானால் அவளை நனைப்பது யார்? சந்தேகம் எட்மோன்மேல் விழுந்தது. அவருக்குச் சுருட்டை முடி, மீசை வேறு.

கண்காட்சியின் கடைசி நாளில் வாசல் பெஞ்சில் வைத்தே துரைசாமி எட்மோனின் சட்டையைப் பிடித்தார். "என் பெண்சாதிய உள்ள என்னய்யா பண்றே?"

"அயோ, மிசியே! நானே வயிறெரிஞ்சு கிடக்கேன்," என்று எட்மோன் தீவின் கிரியோல் மொழியில் கத்தினார். "செஞ்சவன் நான். என்மேல ஒரு சொட்டு படல. உன் பெண்சாதிக்கு மட்டும் அலை அடிக்குது! சாயங்காலம் துணிய அவிழ்க்கப் போறேன். உள்ள யார் இருந்தா எனக்கென்ன?"

உள்ளே ருக்மணியின் சிரிப்பு தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. துரைசாமி ஓடினார். அறை வாசலில் நின்றார். கோயில் வாசலில் விடுவதுபோல அவள் செருப்பு ஓரமாகக் கிடந்தது. சீமாட்டிகள் குதிகால் உயர்ந்த செருப்போடு போனார்கள். எட்மோன் பூட்ஸோடு போனார். வெறுங்காலோடு நின்றால் கூலிக்காரன் என்பார்களே என்று துரைசாமியும் பூட்ஸோடுதான் போயிருந்தார். கழற்றினார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அங்கே நின்ற இரண்டு சீமாட்டிகளும் பார்த்தார்கள். அதையும் உருவி எறிந்துவிட்டுக் காலை வைத்தார். அலை கணுக்காலில் அறைந்தது.

வெகுதூரத்தில் ருக்மணி திரும்பினாள். "இத்தனை நாள் பூட்ஸோடவா வந்தீங்க?"

"இதென்ன, கோயிலா?"

"தெரியல. கால் தானா கழட்டிடுச்சு."

"வீட்டுக்கு வா, ருக்மணி."

"நீங்க வாங்க. ஆழமில்ல."

அவர் நடந்தார். எவ்வளவு நடந்தும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. கடைசியில் அவளே நீந்தி வந்து, நடுங்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

எட்மோன் துணியை அவிழ்த்தார். கடல் அப்படியே இருந்தது. பூட்ஸைக் கழற்ற மறுத்துவிட்டு அவர் சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊருக்குப் போய்க் கடைப் பலகைகள் எழுதினார். அருங்காட்சியகத்தார் அறைக்குள் கடலில் இறங்க ஒரு படிக்கட்டு கட்டினார்கள். 1968 மார்ச்சில் சுதந்திரக் கொடியேற்றம் பார்க்க ஊரே தலைநகர் போர்ட் லூயிக்குப் பஸ் ஏறியபோது, இருவரும் வழக்கம்போலப் பின்னறைக்குப் போனார்கள். அவருக்குக் கணுக்கால்வரை. அவளுக்குத் தோள்வரை. வயிறு எரிய, கையில் துண்டோடு துரைசாமி நின்றுகொண்டிருந்தார்.