அவரிடம் கேட்டோம்

உள்துறைமுக வீதியில் இருக்கும் அந்தக் கப்பல் முகவர் நிறுவனத்தில் சோபனாவின் குரல் எல்லோருக்கும் பழக்கம். கப்பலொன்று வருகிறதென்றால் அதை இழுத்துவரும் படகிலிருந்து மாலுமிகளுக்கான மரக்கறி வரைக்கும் ஒழுங்குசெய்வது அவள்தான். சத்தம் போடமாட்டாள், ஆனால் நின்ற இடத்திலிருந்து அசையவும்மாட்டாள். போன மாரியில் கப்பலுக்குக் குடிநீர் கொண்டுபோகும் படகுக்காரர் காற்றைச் சாக்குச் சொன்னபோது, குடையும் கையுமாக இறங்குதுறைக்கே போய் நின்றாள்.

"காத்து எனக்கும் தெரியுது, ஐயா. எப்ப வெளிக்கிடுறீங்கள் எண்டதை மட்டும் சொல்லுங்கோ."

அன்று மத்தியானமே படகு போனது.

செயற்பாட்டு முகாமையாளராக இருந்தவர் கனடாவுக்குப் போகப்போகிறார் என்றதும், அந்தக் கதிரை சோபனாவுக்குத்தான் என்று வாசல் காவலாளிகூடச் சொன்னார். அவளும் ஆசையை மூடி வைக்கவில்லை. நேரே பொது முகாமையாளர் யோகலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

"சேர், அந்த வேலை எனக்கு வேணும். என்னால ஏலும்."

அப்படிக் கேட்கச் சொல்லித் தைரியம் கொடுத்தவன் அவளுடைய கணவன் தர்சன். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை. "வாயைத் திறந்து கேளும். கேக்காமல் ஒருத்தனும் தரமாட்டான்" என்று சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்பச் சொன்னான். நேர்முகத்துக்குக் கட்டிப்போன சேலையை அயன் பண்ணிக் கொடுத்தவனும் அவனே. இப்படி ஒருத்தன் வாய்த்தானே என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை.

பதவி அர்ஷாக்குக்குப் போனது. அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, அவளிடமே வேலை பழகியவன் அவன். செய்தி வந்ததும் அவள் மேசைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, நான் கேக்கவேயில்லை. சேர்தான் கூப்பிட்டுச் சொன்னவர்."

சோபனா யோகலிங்கத்தின் அறைக்குப் போனாள். அவர் பொல்லாத மனிதரல்ல. இருக்கச் சொன்னார், பிளேன்ரீ எடுப்பித்தார்.

"உங்கட வேலையில ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. ஆனா அந்தக் கதிரையில இருக்கிற ஆள் நாலு பேரோட அணைஞ்சு போகவேணும். நீங்கள் கொஞ்சம் கடும் எண்டு ஒரு கதை இருக்கு."

"போன மாதம் அர்ஷாக் லொறிக்காரரோட கைகலப்புக்கே போனவர், சேர்."

"அவன் பொடியன். ஆக்கள் அதை மறந்திடுவினம்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "அதைவிட, உங்களுக்கே விருப்பமில்லாததை நான் என்னெண்டு உங்கட தலையில கட்டுறது?"

"ஆருக்கு விருப்பமில்லை?"

அவர் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சனான். நேர்முகம் நடந்த அண்டைக்குப் பின்னேரம் உங்களை ஏத்த வந்து நிக்கேக்க தர்சனிட்டக் கேட்டனாங்கள். 'அவசரப்பட்டுக் கேட்டுப்போட்டா, இப்ப அவவுக்குப் பயமாக் கிடக்கு, மாட்டன் எண்டு சொல்லவும் வெக்கப்படுறா' எண்டு சொன்னவர். கோவக்காரி, ஆக்களை வச்சு நடத்த ஏலாது எண்டும் சொன்னவர்."

யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அது எந்தக் கப்பலென்று முதல்தடவையாகச் சோபனாவுக்கு நினைவு வரவில்லை.

"அர்ஷாக்கைப் பற்றி அவற்ற மனுசியிட்டக் கேட்டீங்களோ, சேர்?"



பின்னேரம் தர்சன் வழக்கம்போல மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்றான். அவள் பின்னால் ஏறினாள், அவன் தோளைப் பிடிக்காமல் இருந்தாள். உவர்மலை ஏற்றத்தில் "ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்?" என்றான். குசினிக்குள் வந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்த பிறகுதான் அவளுக்குக் கேட்க வாய் வந்தது.

"எனக்குப் பயமெண்டு சேரிட்டச் சொன்னனீங்களோ?"

"ஆர் சொன்னது?" என்றான் அவன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நம்பியிருப்பாள். அவ்வளவு ஆசையாக அந்த 'இல்லை'யை எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள்தானே கேளெண்டு சொன்னனீங்கள்."

தர்சன் தண்ணீர் குடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கேக்கச் சொன்னனான். தருவாங்களெண்டு நினைக்கேல்லை."

அதற்குமேல் அவன் சொன்ன எதுவும், வீடு, ஊர்வாய், அவளுடைய நன்மை, எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. ஒரு மாதமாகத் தந்த தைரியமெல்லாம் அவள் தோற்றுத் திரும்புவாள் என்ற நிச்சயத்தில் தந்தது. ஆறுதல் சொல்லும் வார்த்தைகளையும் அப்போதே எடுத்து வைத்திருப்பான்.

அடுத்த நாள் யோகலிங்கத்திடம் போய், "என்னைப் பற்றி என்னட்டக் கேளுங்கோ, சேர். எனக்கு ஒருநாளும் பயம் இருக்கேல்லை" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கொழும்புத் தலைமையகத்துக்குப் போன பெயரைத் திருப்பி எடுக்க ஏலாது என்றார்.

மாரி முடிய, கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன் ஹாஜியார் புதிதாக ஒரு முகவர் நிறுவனம் தொடங்கினார். சோபனா தானாகவே போய்க் கேட்டாள். "கடுமையான ஆள்தான் எனக்கு வேணும்" என்று சிரித்துக்கொண்டு முகாமையாளர் வேலையைக் கொடுத்தார். வீட்டில் அவள் அதைச் சொன்னது வேலையில் சேர்ந்து கிழமையொன்று போன பிறகு. தர்சன் நல்லதென்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அவளுடைய பொறுப்பில் முதல் கப்பல் வந்து ஒரு சுணக்கமும் இல்லாமல் வெளிக்கிட்டுப் போன நாளில், மனம் நிறைந்துபோய் வீட்டுக்கு வந்தாள். அவன் விறாந்தையில் இருந்தான். "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கிவிட்டாள், பழக்கம். அவன் நிமிர்ந்தான்.

"ஒண்டுமில்லை" என்றுவிட்டு உள்ளே போனாள்.