நினைவிழந்தவள் எடுத்துக் கொடுத்த வசனம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பேரம் பேசி வாங்கியது. விற்றவள் என் பெரியம்மா மகள். நெடுநாளாக ஓடும் ஒரு சீரியலில் மூத்த மருமகளாக நடிக்கிறவள். "எழுத ஒண்ணுமே இல்லக்கா, ஏதாவது சொல்லேன்" என்று அவளிடம் போய் நின்றேன். அங்கேயே எனக்கு நஷ்டம் தொடங்கிவிட்டது. கையில் சரக்கில்லை என்று வாங்க வந்தவன் வாய்விட்டுச் சொல்லலாமா? துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா அது?

அக்கா உடனே நிபந்தனை போட்டாள். பெயர் போடக்கூடாது. தன்னை அழவைக்கக்கூடாது. முடிவில் சாகடிக்கக்கூடாது.

"ஏற்கெனவே ஒருத்தர் அதுக்குத்தான் நாள் பாத்துட்டிருக்கார். நீ வேற வேணாம்" என்றாள்.

வாசகர்கள் அழலாமா என்று கேட்டேன். அது அவர்கள் இஷ்டம் என்றாள். பேரம் படிந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அந்த மருத்துவமனை அறையில் மருந்து நெடி..." (பொய். செட்டில் பெயின்ட் நெடிதான் அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம்கூடத் துணி. அதுவும் மட்டமான துணி.)

"அவளுக்கு ஒரு முகமும் இன்னொருத்தியின் குரலும்..." (நன்றாக இருக்கிறது. எழுதும்போதே நன்றாக இருப்பது தெரிந்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.)

"கண்ணை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. என் அக்காவுக்கு மட்டும் அதுவே வேலை."

இது இருக்கட்டும். கொஞ்சம் கடைக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சீரியலில் அவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறாள். தினமும் காலையில் வேனில் போகிறாள், தலையில் கட்டுப் போட்டுக்கொள்கிறாள், படுக்கிறாள். குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து அவள்மேல் வசனம் பேசிவிட்டுப் போகிறார்கள். மாலையில் எழுந்து வீட்டுக்கு வருகிறாள்.

3

ஏன் தள்ளிவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

அக்காவின் முகம் திரைக்கென்றே செய்தது. குரல் கடைக்கென்றே செய்தது. பெரியப்பாவின் கடையில் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, மாடியில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குக் கேட்கும்படி "அகலக் கரை நீலத்துல நாலு கட்டு இறக்கு" என்று கத்தியே வளர்ந்தவள். தொண்டையில் மணல் ஏறிவிட்டது. முதல் நாளே இயக்குநர், முகம் வீட்டு விளக்கு, குரல் ஏலக்கடை என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவளுக்கு வேறொருத்தி குரல் கொடுக்கிறாள்.

அந்த வேறொருத்தி யார் என்று எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன். அவள் அக்காவின் சொந்த நாத்தனார். வீட்டில் அவளுக்குப் பெயரே மைக்கு. அக்காதான் அவளை டப்பிங் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மைக்கின் புருஷன் போனபிறகு, அவள் மகள் படிப்பதும் அக்கா வீட்டு மாடியில் அவர்கள் அடுப்பு எரிவதும் அந்தக் குரலில்தான். கீழே முகம், மேலே குரல், நடுவில் ஒரு படிக்கட்டு. அக்காவின் ரசிகைகள் தொலைபேசினால் வீட்டில் மைக்கைத்தான் பேசச்சொல்வார்கள். அக்கா எடுத்து "ஹலோ" என்றால், "அவங்க இல்லீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுவார்கள்.

(சீரியலில் அண்ணியைப் படியில் தள்ளியவளும் நாத்தனார்தான். இந்தப் பொருத்தத்தை நான் நெய்யவில்லை. நம்ப முடியாவிட்டால் இந்த அடைப்புக்குறியை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள், மாற்றித் தருகிறேன்.)

ஒருநாள் அக்கா இயக்குநரிடம், இனிமேல் தானே பேசுவதாகக் கேட்டாள். பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த வாரம் படிக்கட்டுக் காட்சி வந்தது. நினைவிழந்தவளுக்குக் குரல் எதற்கு?

4

இயக்குநரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். பல்குச்சி கடிக்கிறவர், பேசும்போது முகத்தைப் பார்க்காதவர். அக்கா படித்துவிட்டு அடித்துப்போட்டாள்.

"தலையணை உசரம் சரியா இருக்கான்னு தினம் கேக்குற மனுசன்டா அவர். ஏன் இப்படி எழுதுறே?"

ஆக, அன்பாகத் தலையணை சரிசெய்து ஆளைப் படுக்கவைக்கிறவர். யோசித்தால் பல்குச்சியைவிட இது மோசம். மாற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூத்த மருமகள் இறந்துவிடுவாள் என்று சானலில் முடிவாகியிருந்தது. சுவரில் மாட்ட அவள் படத்தைக்கூடச் சட்டம் போட்டு வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் தள்ளிவிட்டவள் கட்டிலருகே உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சி. அந்த வேடத்தில் நடிப்பவள் புதுப்பெண். நீளமான வசனம். பாதியில், "படியில நின்னப்போ..." என்று சொல்லி நின்றுவிட்டாள். மறந்துவிட்டது. காமிரா அக்காவின் முகத்துக்குக் கிட்டே இருந்தது.

நினைவிழந்து கிடந்த என் அக்கா, கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுத்தாள். "என் கைதான்."

பெண் பிடித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்ற நிம்மதியில் அவளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. எல்லாரும் அந்தக் கண்ணீரைப் பார்த்தார்கள், ஒருவரும் உதட்டைப் பார்க்கவில்லை. அன்று எடுத்ததை மறுநாளே ஒளிபரப்ப வேண்டும். எடிட்டர் வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டார்.

வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அண்ணியின் உதடு அசைந்தது. அண்ணி ஏதோ சொல்கிறாள். சானல் தொலைபேசி அலறிய அலறலில் வெள்ளிக்கிழமைச் சாவு தள்ளிப்போனது. சட்டம் போட்ட படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேக்கப் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வாசகரோடு பங்குபோட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் எல்லாக் குரலும் பிற்பாடு பதிவாவது. வசனம் மறந்தால் யாரும் பதறுவதில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாயை அசைத்துக்கொண்டே போய்விடுவார்கள், டப்பிங்கில் சரியாகிவிடும். அழுதுகொண்டே பதினேழுவரை எண்ணி விருது வாங்கியவர்கள் உண்டாம். அப்படியிருக்க, எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இது புதுப்பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அக்காவுக்கு?

கேட்டேன்.

"பழக்கதோஷம்டா" என்றாள்.

நான் கடைவாசலில் வளர்ந்தவன். பிடித்த துணியைப் பட்டென்று கீழே போட்டுவிட்டு, வாசல்வரை மெதுவாக நடக்கிற வாடிக்கையாளரைப் பார்த்திருக்கிறேன். கூப்பிடுவார்கள் என்று அவர் முதுகுக்குத் தெரியும். அன்று அந்தக் கட்டிலில் படுத்திருந்தது அந்த முதுகுதானோ என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அவளைக் கெட்டிக்காரியாக்கிவிடுவேன், முடிக்காவிட்டால் நல்லவளாகவும் இருப்பாள்.)

6

சானல் ஒரு வழி கண்டுபிடித்தது. அண்ணி கண் விழிக்கட்டும். தள்ளிவிட்டவளைப் பார்த்து, "நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்று ஒரே ஒரு வரி சொல்லட்டும். வழக்கம்போல மைக்கு பேசிவிடுவாள்.

விளக்குகள் எரிந்தன. காமிரா ஓடியது. கண்ணைத் திறங்க அண்ணி என்றார் இயக்குநர். திறக்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று கிட்டே வந்து, மெதுவாக மறுபடியும் சொன்னார்.

கண்ணை மூடியபடியே, தலைக்கட்டோடு, செட்டு முழுக்கக் கேட்கும் அந்தக் கிட்டங்கிக் குரலில் அக்கா கேட்டாள்:

"சார், குரல் யாருது?"

அவர் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் தானும் பிற்பாடே விழித்துக்கொள்வதாகச் சொன்னாள். அவளை மிரட்டவும் வழியில்லை. படுத்திருக்கிறவளை எங்கே தள்ளிவிடுவது? சாகடிக்கலாமென்றால் ஊரே அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இயக்குநர் வெளியே போய்ச் சானலோடு பேசினார், உள்ளே வந்து தலையணையைச் சரிசெய்தார், மறுபடி வெளியே போனார். கடைசியில் ஓர் இடத்தில் நின்றது: இருவர் குரலிலும் பதிவுசெய்வது, கேட்டுப் பார்த்து, நன்றாக இருப்பதை வைத்துக்கொள்வது. ஆனால் யார் குரல் நிற்கிறதோ அதுவே இனி அண்ணியின் குரல், திரும்ப யாரும் கேட்டு வரக்கூடாது.

அக்கா கண் திறந்தாள். ஒரே டேக்கில் முடிந்தது.

7

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கதையை நான் வாங்கினேன். மீதியெல்லாம் கொசுறு.

அன்று மாலை மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள் மைக்கு. செய்தி ஏற்கெனவே வந்துசேர்ந்திருந்தது. அக்கா போய் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் மடித்தார்கள்.

"ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்துருவே. அதான் கேக்கலை."

"யார் சொன்னா? குடுத்திருக்க மாட்டேன்."

"அப்ப சரி."

அடுத்த போர்வை.

"நாளைக்கு நான் நல்லாத்தான் பேசுவேன்" என்றாள் மைக்கு. "இரக்கப்பட்டுச் சுமாராப் பேசினேன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது. எனக்கு மக இருக்கா."

"நீ சுமாராப் பேசினா எனக்குத்தான் அசிங்கம். ஒழுங்காப் பேசு."

"உங்களுக்கு அந்த 'மன்னிச்சுட்டேன்'ல மூச்சு எங்க எடுக்கணும்னு தெரியுமா?"

தெரியாது என்றாள் அக்கா. மைக்கு சொல்லிக் கொடுத்தாள். போர்வையின் இரு முனைகளும் சேருகிற இடத்தில் நின்றுகொண்டு, நாலைந்து முறை.

(அக்காவின் இரண்டாம் நிபந்தனையை இங்கே நான் மீறவில்லை. அவள் அழவில்லை. அவள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த நான் கண்ணாடியைத் துடைத்தேன், அது ஒப்பந்தத்தில் இல்லை.)

8

முடிவு. என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

ஒன்று, மைக்கு வேண்டுமென்றே சொதப்பி விட்டுக்கொடுப்பது. விரித்தவுடன் விற்றுப்போகும். ஆனால் மொட்டைமாடியில் கொடுத்த வாக்கு என்னாவது?

இன்னொன்று, ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவருகே வந்த அக்கா மனம் மாறித் திரும்பிவிடுவது. அப்படியானால் இத்தனை நாள் எதற்குப் படுத்துக் கிடந்தாள்?

இயக்குநர் தன் தவறை உணர்ந்து, இருவர் கையையும் பிடித்து... (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

நடந்தது இவ்வளவுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கு முதலில் போனாள். சொன்னபடியே நன்றாகப் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் சற்றுநேரம் எதையும் தொடவில்லை. பிறகு அக்கா போனாள். மணல் ஏறிய குரல். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். அப்போதும் அவர்கள் எதையும் தொடவில்லை.

இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைவழியில் ஒரு பெஞ்சு. கிளம்பும் அவசரத்தில் அக்கா பர்ஸை மறந்துவிட்டாளாம், மைக்கு தேநீர் வாங்கி வந்தாள். குடித்தார்கள். கதவு திறந்தது. ஒலிப்பதிவாளர் தலையை நீட்டி, கையை அசைத்துக் கூப்பிட்டார். யாரை என்று சொல்லவில்லை.

இருவரும் எழுந்தார்கள்.

இங்கேதான் அக்கா எனக்குக் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு கேட்டும் இறங்கிவரவில்லை. அதனால் மீதியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். இரு குரலையும் நீங்கள் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள், சானலில் முடிவெடுத்தவர்களும் பெரிதாகக் கேட்டிருக்கமாட்டார்கள். இருவரில் ஒருத்தியை நீங்கள் பெஞ்சில் திரும்ப உட்காரவைக்க வேண்டும். யாரை வேண்டுமானாலும் உட்காரவையுங்கள். என் நிபந்தனை ஒன்றே ஒன்று, அதில் பேரமில்லை: முடிந்ததும் இருவரும் ஒரே ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பர்ஸ் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.