மேசைமேல் மிஞ்சிய ரிங்

கடைசி போல்ட்டையும் முறுக்கி, புது ஆயிலும் ஊற்றிவிட்டு, கை துடைக்கத் துணி தேடும்போதுதான் மேசைமேல் கிடந்த அந்த ரப்பர் ரிங் மெக்கானிக்கின் கண்ணில் பட்டது. விரல் மோதிரம் அளவுதான் இருக்கும். துணியை விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

வண்டி தங்கச்சியுடையது. வாடகைக்கு ஓட்டுகிறாள். ஆயில் பம்ப் போய்விட்டது. ஒரிஜினல் வர மூன்று வாரமாகும் என்றார்கள். "வெளிக் கம்பெனி பம்ப் போட்டுக்கலாம், நான் இருக்கேன்ல?" என்று வாயைக் கொடுத்தவர் இவர்தான்.

ஒரிஜினல் பம்ப் பெட்டி என்றால் எண்ணி ஒரே ரிங்தான் இருக்கும். இந்த வெளிக் கம்பெனிக்காரன் ஒரு தாராளப் பிரபு. பெட்டி கட்டுகிறவனுக்கு மனசு நன்றாக இருந்தால் இரண்டு போடுவான், இல்லையென்றால் ஒன்று. இந்தப் பெட்டியில் இருந்தது ஒன்றா, இரண்டா? பெட்டி காலையிலேயே குப்பையோடு போயாகிவிட்டது. பம்பையும் ஆயில் உறிஞ்சும் குழாயையும் சேர்க்கும் இடத்தில் ரிங் வைத்தோமா என்று கண்ணை மூடி யோசித்தார். ஒன்றும் வரவில்லை. கூட வேலை பார்த்தவன் நின்றுபோனதிலிருந்து இரண்டு ஆள் வேலை ஒரே முதுகில். மதியம் சாப்பிட்டோமா என்பதே அவருக்குச் சந்தேகம்தான்.

தங்கச்சி வந்து சாவிக்குக் கை நீட்டினாள். "முடிஞ்சுதா அண்ணே? காலைல மலைக்கு ட்ரிப் இருக்கு."

"மறுபடி கழட்டணும்."

"விளையாடாதே. ஸ்டார்ட் பண்ணு, ஆயில் லைட் அணைஞ்சா சரிதானே?"

"இங்க அணையும். ரிங் இல்லாட்டி, சூடேறி மேட்டுல இழுக்கும்போது குழாய்ல காத்து பூந்து ஆயில் ஏறாது. இன்ஜின் அங்கேயே இறுகிப்போயிடும்."

"இது போச்சுன்னா எனக்குப் பொழப்பே இல்லைண்ணே." நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "நீ போட்டிருப்பே. நீயாவது மறக்கிறதாவது" என்றாள்.

"போட்டிருப்பேன்தான். போட்டேனான்னு தெரியல."

அவள் டார்ச் பிடித்தாள். அவர் முனகிக்கொண்டே மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஊற்றிய ஆயிலைத் தட்டில் இறக்கி, பதினெட்டு போல்ட்டையும் கழற்றி, ஒட்டிப் பிடித்திருந்த ஆயில் தொட்டியைத் தட்டித் தட்டி எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. குழாயின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி மெல்ல இழுத்தார்.

ரிங் இருந்தது. எங்கும் மடங்காமல், ஆயில் தடவி, பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முறுக்கிய போல்ட்டில் அவர் எப்போதும் வைக்கும் வெள்ளைப் புள்ளிகூட வைத்திருந்தது.

தங்கச்சிக்கு உயிர் வந்தது. குனிந்து பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா? வேலை மெனக்கெட்டுப் பயந்தே. இதைவிட யார் அண்ணே சுத்தமா போடுவாங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். வைத்தது அவர் கைதான், வேறு யார்? ஆனால் வைத்த ஞாபகம் துளிகூட இல்லை. யாரோ வந்து செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பயமாக இருந்தது.

"என்னண்ணே? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இந்த வாரம் ஆறு வண்டிக்கு பிரேக் மாத்தி அனுப்பினேன்" என்றார், படுத்தபடியே. "அதுல ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல."