மில் இல்லாத மில்லடி

சங்கிலியின் கம்பனி விசுவமடுவில் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தது. அதன் விலாசம் கொழும்பில் குடியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆரம்பத்தில் சங்கிலிக்கு இது பெரிய பெருமை. கலியாண வீடுகளில் யாராவது தொழிலைப் பற்றி விசாரித்தால், "எங்கட ஹெட் ஒஃபிஸ் கொழும்பு வெள்ளவத்தையில" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படிக் கடிக்க ஒரு வடை கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

அந்த ஹெட் ஒஃபிஸை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். இரண்டு கிலோ கச்சானோடு பஸ் ஏறிப் போய், மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். ஒரு கதவு. கதவைச் சுற்றி நாற்பது பெயர்ப்பலகைகள். கடைசி வரிசையில், பல் கட்டும் சாமான் விற்கும் கம்பனிக்கும் மீன்தொட்டி இறக்குமதிக்கும் இடையில், அவருடைய கம்பனி சப்பளிந்து கிடந்தது. கதவு பூட்டியிருந்தது. சங்கிலி பலகையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கச்சானைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் படத்தை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

அந்த அறையின் சொந்தக்காரன் குகதாசன். அவன் தொழில் பதிவு முகவர் சேவை: தூர இடத்துக் கம்பனிகளுக்குத் தன் விலாசத்தைக் கொடுப்பான், வருகிற கடிதங்களை வாங்கி அனுப்புவான். அனுப்புகிற பகுதிதான் கொஞ்சம் பிந்தும்.

பிந்தியதில் வந்தது வினை. பெரிய கடைகளுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு நிறுவனம் சங்கிலியின் கச்சானைக் கேட்டது. வந்து பார்க்கிறோம் என்று பதிவு விலாசத்துக்கு எழுதியது. கடிதம் குகதாசனின் மேசையில் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், தூங்கியது. சொன்ன நாளில் அவர்கள் அந்த மூன்றாம் மாடிக்கே போய், வறுக்கும் சட்டியைத் தேடி, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு போனில் சொன்னார்கள்: கம்பனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு விலாசமும் இருக்க வேண்டும். மாத முடிவுக்குள் மாற்றி, இடத்தையும் காட்டினால் ஓடர் தருவோம். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம்.

கொட்டிலில் எட்டுப் பெண்கள் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓடர் இல்லையென்றால் அடுத்த மாதம் நாலு பேரை நிற்பாட்ட வேண்டும். அந்த நாலு பேர் யார் என்று எழுத எடுத்த கடதாசியைச் சங்கிலி வெறுமையாகவே மடித்து வைத்தார். ஆகவே குகதாசனை நிற்பாட்டுவது என்று முடிவெடுத்தார்.

சேவையை முடிக்கும் கடிதத்தைத் தானே எழுதினார். "அன்புள்ள குகதாசன் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் நோ எப்படி?" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். கம்பனியின் மற்ற இயக்குநர் நடராசாவின் மகள் சுதாஜினி கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்தவள். வாங்கி வாசித்தாள்.

"சங்கிலி மாமா, இது சேவையை முடிக்கிற கடிதமோ, பொம்பிளை கேக்கிற கடிதமோ?"

"மரியாதையா எழுதினனான் பிள்ளை."

அவள் எல்லாவற்றையும் வெட்டி மூன்று வரியாக்கினாள். முழங்காலும் போய்விட்டது. புதிய பதிவு விலாசம் என்ற இடத்தில் யாரும் யோசிக்காமல் எழுதினார்கள்: மில்லடி, விசுவமடு. சங்கிலி கையெழுத்துப் போட்டார். நடராசா அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிக் கையெழுத்தைத் தள்ளிப் போட்டார். கடிதத்தின் பிரதி மட்டும் முதலில் கொழும்புக்குப் போனது.

இரண்டாம் நாள் குகதாசன் போன் எடுத்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட மில்லடியைப் போனில கூகிள் மப்பில பாத்தன். அதில மில்லே இல்லை. ஒரு பத்தையும் ரெண்டு மாடும்தான் நிக்குது."

சங்கிலி யன்னலால் எட்டிப் பார்த்தார். ஒரு புதர்ப் பத்தை. இரண்டு மாடு. நெல்லுக் குத்தும் மில் கடைசி யுத்தத்தோடு தரைமட்டமாகி, கல்லும் கிளம்பிப் போய்ப் பதினாறு பதினேழு வருடம். இவ்வளவு காலமும் தினம் நாலு தரம் மில்லடி என்று சொன்னவருக்கு, மில் இல்லை என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"இல்லாத மில்லை விலாசமாக் குடுத்தா ஆர் அண்ணை நம்புவான்? சும்மா என்ர விலாசத்திலேயே இருங்கோ."

சங்கிலிக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தா பாருங்க தம்பி, அந்த மாடு ரெண்டும் நம்மளோடதுங்க!"

குசினி அடுப்படியில் நின்று அவருடைய மனைவி இரஞ்சிதம் சிரித்தாள். கோபம் வந்தால் கணவனின் நாக்கு வன்னியை விட்டு, அவர் பிறந்த தேயிலை மலைக்கு ஏறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"மற்றது அண்ணை," என்றான் குகதாசன், "ரெண்டு டைரெக்டர்மாரும் கையெழுத்துப் போட்டாத்தான் நான் பத்திரங்களைத் தரலாம். நடராசா ஐயா நேற்று எனக்குக் கோல் எடுத்தவர். யோசிக்கிறாராம்."

சங்கிலி சைக்கிளை எடுத்தார். நடராசா வயல் வரம்பில் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்த குடும்பம். கம்பனி தொடங்கக் கொட்டிலும் காணியும் கொடுத்தவர்.

"கண்ணாடி கிடைச்சுதோ அண்ணை?"

"ஆத்திரப்படாத சங்கிலி. கொழும்பு விலாசம் எண்டா வாங்கிறவனுக்கு ஒரு நம்பிக்கை. விசுவமடு எண்டு கண்டா மேசைக்குக் கீழ போட்டிடுவான்."

"குகதாசன் மேசைக்கு மேலயெல்லோ அஞ்சு கிழமை வைச்சிருந்தவன்."

"அதுக்கில்லை..."

"அண்ணை, நான் பிறந்த தோட்டத்து லயத்துக்கு நேர ஒரு கடதாசியும் வாறேல்லை. எல்லாம் தோட்டத்துத் துரை மேற்பார்த்து எண்டு அவற்ர விலாசத்திலதான் வரும். கிளாக்கர் உடைச்சு வாசிச்சிட்டுத்தான் அப்பாட்டக் குடுப்பார். என்ர பெரியத்தை செத்த செய்தி, அப்பாவுக்கு முந்திக் கிளாக்கற்ர மனிசிக்குத் தெரியும். இஞ்ச வந்து காடு வெட்டினம். சந்திக் கடை மேற்பார்த்து. அகதி முகாமில கூடார நம்பர். இப்ப கம்பனி முதலாளி எண்டு சேட்டு ஸ்திரி போட்டுக்கொண்டு திரியிறன், அதுவும் குகதாசன் மேற்பார்த்து! செத்தா மேல போறதுக்கும் அவன்ர விலாசத்தைத்தான் குடுப்பனோ தெரியேல்ல."

நடராசா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மண்வெட்டியால் வரம்பை இரண்டு தரம் தட்டினார்.

"பாப்பம்," என்றார்.

இருபத்தெட்டாம் தேதி, அந்த நிறுவனத்திலிருந்து பிரேமிளா என்ற அதிகாரி ஒரு வான் வண்டியில் வந்தாள். கொட்டில் வாசலில் சங்கிலி புதுப் பலகை கட்டியிருந்தார். கொழும்புப் பலகையைவிட மூன்று மடங்கு பெரிது; கொட்டிலுக்கே அது கொஞ்சம் பாரம். பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"ஐயா, றோட்டில நிக்கிறம். மில்லைக் காணேல்ல."

"பயப்பிடாதேங்கோ மிஸ், ஆரையும் கேளுங்கோ," என்றார் சங்கிலி. பெண்கள் சட்டியில் மணலைக் கிளறுவதை விட்டார்கள். நடராசாவின் கையெழுத்தில்லாத கடிதம் மேசையில் கிடந்தது. நடராசா பேனையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னனான்தானே," என்றார் மெதுவாக.

கால் மணித்தியாலம் போனது. சங்கிலி பத்தையைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு மில் முளைக்காதா என்றிருந்தது.

முதலில் வழி காட்டிக்கொண்டு வந்தது வைக்கோல் ஏற்றிய ஒரு ட்ரக்டர். அதன் பின்னால் வான். வானின் முன் சீற்றில் சாரதிக்குப் பக்கத்தில் சந்திக் கடைச் சிவனேஸ்வரி, கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து, வலம் இடம் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக இரண்டு சைக்கிள். அவர்கள் சும்மா புதினம் பார்க்க வந்தவர்கள்.

பிரேமிளா இறங்கினாள். "ஐயா, அஞ்சு பேரைக் கேட்டன். அஞ்சு பேரும் மில்லடியோ, நேர போங்கோ எண்டினம். எங்க அந்த மில்?"

எட்டுப் பெண்களும் கச்சான் தோல் ஒட்டிய கையை ஒரே நேரத்தில் நீட்டினார்கள். பத்தையை நோக்கி. அதில் நின்ற மாடுகளில் ஒன்று திரும்பிப் பார்த்தது.

"அங்க ஒண்டும் இல்லையே," என்றாள் பிரேமிளா.

சங்கிலி தன் புதுப் பலகையைக் காட்டினார். வாழ்க்கையில் அவருக்குப் பகிடிப் பேச்சு வராமல் போனது அந்த ஒரு தரம்தான்.

"மிஸ்," என்று முன்னுக்கு வந்தவர் நடராசா. "அந்த மில்லில நான் இருபது வருசம் நெல்லுக் குத்தினனான். மில் போயிட்டுது. விலாசம் போகேல்ல. நீங்கள் கொழும்பில போய்ப் பாத்த இடத்தில நம்பர் இருந்தது, றோட்டு இருந்தது, மாடி இருந்தது. கம்பனி இருந்ததோ?"

"இல்லை."

"இஞ்ச மில் இல்லை. கம்பனி இருக்கு. கையை வைச்சுப் பாருங்கோ, சட்டி சுடும். ரெண்டில எது பொய் விலாசம்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து, வானின் பொனற் மூடியில் வைத்து, சூடு பொறுக்காமல் ஒரு தரம் கையை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி இல்லாமலே. கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போனது. சுதாஜினி கண்டால் திட்டுவாள்.

பிரேமிளா சட்டியைப் பார்த்தாள், பலகையைப் படம் எடுத்தாள், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பத்தையையும் எடுத்தாள். "நான் கண்டதை எழுதிக் குடுக்கிறன் ஐயா," என்றாள். போகும்போது வான் முன் சீற்றில் சிவனேஸ்வரி மறுபடி ஏறிக்கொண்டாள். கடை திறந்து கிடந்ததே.

அன்று பின்னேரமே சங்கிலி குகதாசனுக்குப் போன் எடுத்தார்.

"ரெண்டு கையெழுத்தும் வருது தம்பி. எங்கட பத்திரங்களைத் தபாலில போடுங்கோ."

"எந்த விலாசத்துக்கு அண்ணை?"

"மில்லடிக்கு."

"வந்து சேராட்டி என்னைக் கேக்கப்படாது."

"சேரும். நானும் அம்மாவுக்கு ஒரு கிலோ கச்சான் அனுப்பிறன். உங்கட விலாசத்துக்கு அது சேருதோ எண்டு பாப்பம். முழங்கால் இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை," என்றான் குகதாசன், சின்னக் குரலில்.

எட்டாம் நாள் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு உறைகள் கொடுத்தார். ஒன்றை இரஞ்சிதம் பறித்து உடைத்தாள். ஓடர். கொட்டிலுக்குள் ஓடிப் போய் அவள் சொன்னதும் எழுந்த கூச்சலில் மாடுகள் கயிற்றை இழுத்தன. அவள் திரும்பி வந்தபோது சங்கிலி மற்ற உறையை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உடைச்சுப் பாருங்கோவன்!"

"பொறு, வெளிப்பக்கம் வாசிச்சு முடிக்கேல்ல."

கம்பனியின் பெயர். அதன் கீழே அவர் பெயர். மேற்பார்த்து என்று ஒருவரும் இல்லை. அதற்கும் கீழே குகதாசனின் வடிவான கையெழுத்தில்: மில்லடி (மில் இல்லை), விசுவமடு.

சங்கிலி பேனையை எடுத்து, உறையை யன்னல் விளிம்பில் வைத்து, அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் ஆற அமர வெட்டினார்.