கணக்கில் வராத கூரை

சபிதா போட்ட கணக்கு தப்பு என்று கண்டுபிடித்தது எந்தப் பெரிய அதிகாரியும் இல்லை. குழித்துறைக்குப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று சொல்கிற முந்திரி ஆலையில் பருப்புக்குத் தோல் உரிக்கும் பிரிஜா.

"புக மேலயே போயிரும்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே மேடம்? பிள்ளேள் எல்லாம் இருமிச் சாவுது. ஒருக்கா வந்து பாருங்க" என்று போனில் சொல்லி, ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். கொட்டை வறுக்கும் புகை, புகைபோக்கியை விட்டு வெளியே வந்ததும் கிழக்கே சாய்ந்து, ஆலைக் கட்டிடத்தைத் தாண்டி, நேரே அங்கன்வாடி முற்றத்தில் இறங்கியது. பிரிஜாவின் மூன்று வயது மகள் அங்கேதான் இருக்கிறாள்.

எந்தக் காற்றில் எந்தப் புகை எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் கணக்கிட்டுப் படம் போடுவது, நாகர்கோவிலில் சபிதா பார்க்கும் வேலை. காற்று ஒரு கட்டிடத்தில் முட்டினால் மேலேறி, மறுபக்கம் சுழன்று கீழே விழும். புகைபோக்கி குட்டையாக இருந்தால் புகையையும் இழுத்துக்கொண்டு விழும். கட்டிடத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரம் இருந்துவிட்டால் பயமில்லை. இங்கே கட்டிடம் எட்டு மீட்டர், புகைபோக்கி இருபது. எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

மறுநாள் காலையிலேயே போய் நின்றாள். அண்ணாந்து பார்த்ததும் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. மொட்டைமாடிக்கு மேல் இரும்புத் தூண் நட்டுத் தகர ஷீட் போட்டு, அடியில் கொட்டையைக் காயப் பரப்பியிருந்தார்கள். சாரல் அடிக்காதபடி மேற்குப் பக்கத்தையும் மறைத்திருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஜில்லா. ஷீட் இல்லாத மொட்டைமாடியை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எத்தனை மாடி என்று கேட்டால், ஷீட்டை ஒருத்தரும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். இதே ஜில்லாவில் பிறந்த தக்கலைக்காரி சபிதாவும் சேர்க்கவில்லை. போன தடவை அந்த ஷீட்டின் நிழலில் நின்று சாயா குடித்துக்கொண்டேதான் உயரம் எட்டு மீட்டர் என்று எழுதினாள். படித்த படிப்பு அந்த நேரம் எங்கே போயிருந்ததோ!

டேப் பிடித்து அளந்தாள். ஷீட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு மீட்டர். மடிக்கணினியில் எண்ணை மாற்றிப் போட்டதும், படத்தில் சிவப்பாக ஓடிய புகை கூரைமேல் ஏறி வளைந்து அங்கன்வாடி முற்றத்தில் விழுந்தது.

முதலாளி முத்துநாயகம் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ரெண்டு மாடிதானே இருக்கு? ஷீட்டு ஒரு மாடியா?"

"காத்துக்கு அது தெரியாதே சார். முன்னால நிக்கதெல்லாம் அதுக்குச் செவருதான்."

"கொழப்பம் ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டது நீங்களாக்கும்."

"ஆமா சார். தப்பு என்னுது. அந்த ரிப்போர்ட்ட நான் திருத்தி அனுப்பப் போறேன்." சபிதாவுக்கு வெட்கமாக இருந்தது.

பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். "அப்ப ஆபீசப் பூட்டிருவாவளா?" என்று தாணம்மாள் கேட்டாள். வறுப்புப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. மகளுக்காக வாயைத் திறந்த பிரிஜா, எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டோமோ என்று நின்றாள்.

சபிதா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். புகைபோக்கியின் உயரத்தை முப்பது என்று மாற்றினாள். சிவப்பு, கூரையைத் தொடாமல் போய், தூரத்தில் வெளிறிக் கரைந்தது.

"பூட்டண்டாம். பத்து மீட்டர் ஏத்தினா போதும்."

"ஏத்தி முடியது வரைக்கும்?" என்றார் முத்துநாயகம்.

"பிள்ளேள் மூணரைக்கு வீட்டுக்குப் போயிரும். அதுக்குப் பொறவு வறுக்கலாம்லா?" என்றாள் பிரிஜா. தாணம்மாள் உடனே தலையாட்டினாள்.

"ஷீட்ட எடுத்துட்டா?" அவர் விடுவதாக இல்லை.

"அதுவும் சரியாவும். மழையில கொட்டைய எங்க பரத்துவிய?" என்றாள் சபிதா.

அவர் படத்தை மூன்று தடவை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "செரி, சிமினியையே ஏத்துவோம்" என்று எழுந்து போனார்.

புகைபோக்கியை ஏற்றி முடித்தபின், ஆவணியில் சபிதா மறுபடி வந்து அங்கன்வாடி முற்றத்தில் நின்றாள். அதே மேற்குக் காற்று. பட்டப்பகலில் வறுப்பு நடந்துகொண்டிருந்தது. புகை அங்கன்வாடிக்கு மேலே, வெகு உயரத்தில் போனது. சாப்பாட்டு நேரத்தில் ஆலையிலிருந்து ஓடிவந்த பிரிஜா, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"முன்ன மூச்சு கீறுகீறுன்னு இழுக்கும். நீங்களும் கேட்டுப் பாருங்க மேடம்."

சபிதா முழங்காலிட்டு உட்கார்ந்து காதை வைத்தாள். மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.