மறுகுரல்

என் மனைவியின் வேலை, அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. மாற்றுத்திறனாளிகளின் கதைகளை அவர்கள் வாயாலேயே பதிவு செய்து இணையத்தில் வெளியிடும் சிறிய குழு எங்களுடையது. பேச்சு தெளிவில்லாதவர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்கள். அதையே அவள் தெளிவாகச் சொல்வாள். 'அவர் சொல்கிறார்' என்பதெல்லாம் கிடையாது. 'நான்' என்றே சொல்வாள். மறுகுரல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஒலியை வெட்டி ஒட்டுவது என் வேலை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. கடைசியாக மறுகுரல் கொடுத்தது செஸ் அக்காவுக்கு.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே மூளைவாதம். கையும் நாக்கும் சொன்ன பேச்சு கேட்காது. கணினி வழியே பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறார். அவர் கதையின் முதல் பகுதி வெளிவந்துவிட்டது. இரண்டாவது என்னிடம் கிடந்தது. வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவந்தேன். பாக்கி எதுவும் இல்லை. சமைக்கும்போது அதை ஓடவிடுவேன். "நான் பொறந்தப்ப அழவே இல்லையாம்" என்பாள் என் மனைவி, அடுப்படியில். "வளர்ந்த பிறகுதான் தெருவையே பார்த்தேன்." அவள் வாழாத வாழ்க்கை. குரல் அவளுடையது. எனக்கு அது போதும்.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது: 'லேப்டாப்போட வா.'

கதவைத் திறந்தது அவருடைய அம்மா. அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறா தம்பி" என்றார் அம்மா.

அக்கா முழங்கையால் மேசையை இடித்தார். மறுபடியும் சொன்னார்.

"சரிடி, சொல்றேன். நீங்க ஒரு வடிகட்டின சோம்பேறியாம். நான் சொல்லல தம்பி, இவதான்."

அக்கா சிரித்தார். நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். அம்மா வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்.

"மறுகுரலை எடுத்துடணுமாம். முழுசா. இவ பேசறது எழுத்தா மட்டும் திரையில கீழ ஓடட்டுங்கறா."

"கேக்கறவங்களுக்குப் புரியாதே அக்கா."

"இன்னொரு தடவ கேக்கட்டுமாம். இவகிட்ட படிக்கிற வாண்டுங்களுக்கே புரியுது, மத்தவங்களுக்கு என்ன கேடுங்கறா."

"அவ ரொம்ப நல்லா சொல்லியிருக்கா அக்கா."

அக்கா பேசினார். அம்மா தயங்கினார். மேசை மறுபடி இடிபட்டது.

"மொதப் பகுதி வந்தப்ப எல்லாரும் என்ன எழுதினாங்க? என்ன இனிமையான குரல்னு. அது யாரு குரல்னு கேக்கறா. ஒரே ஒரு தடவ தன் கதைய தன் தொண்டையில கேக்கணுமாம். தம்பி, போய்ச்சேர்ந்த பொண்ணப் பத்தி இப்படிப் பேசறாளேன்னு மனசுல வச்சுக்காதீங்க."

அங்கேயே வெட்டச் சொன்னார் அக்கா. வீட்டுக்கு எடுத்துப் போனால் வெட்ட மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செஸ் பலகையை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை வைத்தேன். திரையில் அக்காவின் குரல் கரடுமுரடாக ஓர் அலை. அடுத்து என் மனைவியின் அலை, சீராக. இது ஒன்று, அது ஒன்று. ஒவ்வொன்றையும் கேட்டேன். அவளுடையதை நீக்கினேன். கை பழகிய வேலை. பாதிக்கு மேல், அவள் சொல்வதற்கு முன்பே அக்கா சொல்வது புரியத் தொடங்கியது.

ஓரிடத்தில் கணக்கு இடித்தது.

"எல்லாரும் என்னைச் சுத்திப் பேசுவாங்க. என்கிட்ட பேச மாட்டாங்க" என்றார் அக்கா. அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் வெறுமை. அதன் பின் அவள் மட்டும்: "பக்கத்துலயே இருப்பார். நான் பேசறதக் கேக்க மாட்டார். சத்தம் சரியா வருதான்னுதான் பாப்பார்."

அடுப்படியில் எத்தனையோ முறை கேட்டதுதான்.

"அக்கா, இது உங்க அப்பாவப் பத்தித்தானே? நீங்க பேசினத எங்கயோ விட்டுட்டேன் போல."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த மனுஷன் இவ பொறந்த கையோட ஓடிட்டாரே தம்பி. மொதப் பகுதியிலயே சொல்லியிருக்காளே."

முதல் பகுதியை வெட்டி ஒட்டியதும் நான்தான்.

அக்கா பேசினார். அம்மா வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எனக்கே புரிந்தது.

"அது நான் சொல்லல. அவ சொன்னா. சொல்லிட்டு அழுதா. முடிக்கட்டும்னு காத்திருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல அக்கா?"

"நீயும் இங்கதான் இருந்த தம்பி. ஹெட்போன் மாட்டிக்கிட்டு."

அவள் தனியாகச் சொன்னதை நீக்கினேன். மிச்சம் ஓர் இடைவெளி. மின்விசிறிச் சத்தம். அதற்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ இல்லை.

"இத மட்டும் விட்டுடவா?"

அக்கா யோசித்தார். கோபமில்லாமல் சொன்னார். "அது என் கதை இல்லடா."

நீக்கினேன். இரண்டு முனைகளையும் சேர்த்து ஓடவிட்டேன். அக்கா தன் குரலை நோக்கித் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டார். ஒரு வாக்கியம் முடிந்தது. அடுத்தது வந்தது. ஒட்டிய இடம் தெரியவில்லை.