பயம் மறந்த கூட்டம்

சாஃபிசுவா காட்டுக்குள் வந்தாலும் சிம்போனாக்கள் தின்பதை நிறுத்துவதில்லை. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

மடகாஸ்கரின் கிழக்கு மலைச்சரிவில், மழை விடாத காட்டில், சிம்போனா என்ற, குரங்கு போன்ற வெள்ளை லெமூர்களைப் பின்தொடர்வது அவள் வேலை. தலைநகரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் நோரோ அவளை வேலைக்கு வைத்தபோது, மனித வாடை பட்டாலே அவை மரம் மரமாகத் தாவி மறைந்துவிடும். சாஃபிசுவா ஒரு மழைக்காலம் முழுக்க அட்டைக்கடியோடு அவற்றின் மரத்தடியிலேயே கிடந்தாள். மெல்ல மெல்லப் பழகின. கடைசியில் தாய் ஒன்று அவள் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து குட்டிக்குப் பால் கொடுத்தது.

மலை மேட்டில் தங்கம் தோண்ட வெளியூர் ஆட்கள் வந்து கூடாரம் போட்டார்கள். அவர்களோடு கூலிக்குச் சேர்ந்திருந்த கொழுந்தன் தொம்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். சோறும் கீரையும் வைத்தாள்.

"வெறும் கீரைதானா மதினி? அங்க நேத்து கறி மணத்துச்சு" என்றான். என்ன கறி என்று கேட்டாள். சிம்போனா என்றான். தான் அதைத் தொடவில்லை, முன்னோர் விலக்கி வைத்ததைத் தின்றால் சும்மா விடுவார்களா என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டான். பிறகு சிரித்தான்.

"ஓடவே இல்ல மதினி. கீழ எறங்கி வந்து மூஞ்சியப் பாக்குதுங்க. துப்பாக்கி எதுக்கு, கவணே போதும்னுட்டாங்க. இப்படி மக்கு மிருகத்த நான் பாத்ததே இல்ல."

சாஃபிசுவா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நோரோவைக் காட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனாள். கூடாரங்களின் ஓரத்தில் அணைந்த அடுப்பைச் சுற்றிச் சேற்றில் வெள்ளை முடி ஒட்டிக் கிடந்தது. கூட்டத்தில் மிஞ்சியது தாயும் குட்டியும், இரண்டு இளம் ஆண்களும்தான். அவளைக் கண்டதும் வழக்கம்போல் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தன. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நோரோ அழுதாள். வனக்காவலர்களை வரவழைப்பதாகச் சொன்னாள். மழையில் அந்தப் பாதை எப்படிக் கிடக்கும் என்பது சாஃபிசுவாவுக்குத் தெரியும். அவர்கள் வந்து சேர்வதற்குள் இந்த நான்கும் சட்டிக்குப் போய்விடும்.

"நோரோம்மா, இதுங்க என்னக் கண்டு ஓடணும். அப்பத்தான் அவனுங்களக் கண்டும் ஓடும்."

"உங்க மேல என்னக்கா தப்பு? கொன்னவங்க வேற."

"கொன்னது அவனுங்கதான். ஓடாம நிக்க வச்சுக் குடுத்தது நான்."

அவற்றை விரட்டினால் இத்தனை நாள் ஆராய்ச்சி போகும், அதோடு அவள் வேலையும் போகும் என்று நோரோ தயங்கித் தயங்கிச் சொன்னாள். போகட்டும் என்றாள் சாஃபிசுவா. நோரோ, தன்னால் அதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சாஃபிசுவா தகர மூடியைத் தட்டினாள். கத்தினாள். இளசுகள் தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்தன. மண்கட்டி எறிந்தாள். தாய் ஒரு கிளை தள்ளி உட்கார்ந்து மறுபடி இலையைக் கடித்தது. கடைசியில் அழுதுகொண்டே கல்லை எடுத்தாள். அது தாயின் தொடையில் பட்டது. முதுகிலிருந்த குட்டி வீறிட்டது. தாய் உடனே ஓடவில்லை. யார் எறிந்தது என்று தேடுவதுபோல் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தது. அவள் இன்னொரு கல்லை எடுத்தாள்.

தினமும் போனாள். நாளாக ஆக, அவள் காலடி கேட்டாலே பறந்தன. ஒருநாள் பள்ளத்தைத் தாண்டி, மனிதர் ஏற முடியாத அடுத்த சரிவுக்குப் போய்விட்டன.

மழை ஓய்ந்ததும் காவலர்கள் வந்து கூடாரங்களைப் பிரித்தார்கள். காட்டுக்குக் காவல் வந்துவிட்டது, வேறொரு கூட்டத்தைப் பழக்கலாமா என்று நோரோ கேட்டு வந்தாள். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சாஃபிசுவா நாற்றுப் பண்ணையில் மண் நிரப்பும் வேலைக்குப் போனாள்.

பழம் பழுக்கும் காலத்தில் விதை பொறுக்கப் போனவள், பள்ளத்துக்கு அப்பால் அந்தத் தாயைக் கண்டாள். குட்டி வளர்ந்து தனியே தாவிக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்த மாத்திரத்தில் தாய் எச்சரிக்கைக் குரல் கொடுக்க, இரண்டும் மறைந்தன.

உயிரோடிருக்கின்றனவே என்று நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் அங்கே நிற்க அவளுக்குக் கூசியது. விதைக்கூடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் இறங்கினாள்.